வாய்பாடும் வாழ்வும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் நிகழ்த்திய உரை)

 

இவ்விழாவிற் பேசுமாறு மன்றத்தார் எம்மைக் கேட்டபோது, சமயத்தைப் பற்றியோ இலக்கியத்தைப் பற்றியோ பேசுவோம் என்றே எண்ணியிருப்பர். நாம் எடுத்துக்கொண்ட பொருளோ வாய்பாடு. "இது மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு உரிய பொருள் அல்லவா?" என உங்களிற் சிலர் நகைத்தலும் கூடும். நகைப்போரிடம் ஒரு சிறு கேள்வி கேட்க விரும்புகிறோம். ஏழெட்டு எத்தனை? கேட்டவுடன் விடை கண்டவர் எத்தனை பேர், "ஓரேழு ஏழு, ஈரேழு பதினான்கு" என்று அடிப்படியிலிருந்து மனத்துக்குள் ஏறி வந்தவர் எத்தனை பேர் என்பதை அவரவர் நெஞ்சமே அறியும். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறு படியேறி வந்தவரே. ஆதலின் எவரையும் இகழும் நோக்கம் எமக்கு இல்லை.

விஜயதசமி நாளிலே கோயிலுக்குச் சென்று, தட்டிற் பரப்பிய அரிசியிற் குழந்தையின் விரலைப் பிடித்து 'அ' எழுதுவித்து, ஏடு தொடக்குகின்றோம். எண்ணும் எழுத்தும் இரு கண்கள் என்று மேடைதோறும் முழங்குகின்றோம். ஆயினும் விழா எடுப்பது எழுத்தாகிய கண்ணுக்கு மட்டுமே. எண்ணாகிய கண்ணைப் பாடசாலை பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகின்றோம். இதனால் எமக்கு வரும் இழப்பு யாது என்பதை, எம் வீட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கொண்டே கூறுகின்றோம்.

அது 2013 ஆம் ஆண்டு. நாம் ஐந்தாம் தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த பருவம். மிஷன் பாடசாலை ஒன்றிலே படித்துவந்தோம். காலை மன்றாட்டு முடிந்ததும் வகுப்பு முழுவதும் எழுந்து நின்று ஒரே குரலில் வாய்பாடு சொல்லுதல் அங்கு வழக்கம். சம்பள நாளன்று, பன்னிரண்டாம் வாய்பாட்டைத் தனியே நின்று தவறின்றி ஒப்புவித்து ஆசிரியரிடம் பாராட்டுப் பெற்றோம். அந்தப் பெருமிதத்தோடு லயத்துக்கு வந்து சேர்ந்தபோது, அன்னையார் தமது சம்பளச் சீட்டை எம் கையிலே கொடுத்தார்.

"படிக்கிற பிள்ளைதானே, இந்த மாசம் எத்தனை பேர் போட்டிருக்குன்னு பாரு" என்றார்.

"பதினெட்டு" என்றோம்.

அன்னையார் அடுப்பங்கரைச் சுவரைப் பார்த்தார். அங்கே கரியினால் இட்ட கோடுகள் இருந்தன. நான்கு நெடுங்கோடுகள், அவற்றை வெட்டி ஐந்தாவதாக ஒரு குறுக்குக்கோடு. அத்தகைய கட்டுகள் மூன்று. அருகே தனிக்கோடுகள் நான்கு. விரலை வைத்து எண்ணினார். "அஞ்சு, பத்து, பதினைஞ்சு, பத்தொம்பது. ஒரு பேர் கொறையுதே. அப்போ எவ்வளவு காசு கொறையும்?"

வாய்பாட்டிற் பாராட்டுப் பெற்ற நாம் வாய் திறவாது நின்றோம். பன்னிரண்டாம் வாய்பாட்டின் கடைசி வரி வரை எமக்குத் தெரியும். ஆனால் அந்தச் சீட்டிலே எந்த எண்ணை எந்த எண்ணாற் பெருக்குவது என்பது தெரியவில்லை. மறுநாட்காலை அன்னையார் கந்தோருக்குச் சென்று, இன்ன நாள், இன்ன மலை, இன்னார் பக்கத்து நிரை என்று எடுத்துச் சொன்னார். செக்றோலைப் புரட்டிப் பார்த்தனர். ஒரு பேர் எழுதாது விடுபட்டிருந்தது. அடுத்த மாதம் அது சேர்க்கப்பட்டது. எவரையும் பழிப்பதற்காக இதனைச் சொல்லவில்லை. எழுதுங்கை தவறுதல் உண்டு. ஆனால் தவறியதைக் கண்டுபிடிக்கும் கண் வேண்டும் அல்லவா?

அந்த ஒரு பேரின் விலை என்ன என்பதைப் பல ஆண்டுகளின் பின்னரே நாம் கணக்கிட்டுப் பார்த்தோம். 2013 ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தப்படி அடிப்படை நாட்சம்பளம் 450 ரூபா. விலைக்கேற்ற கொடுப்பனவு 30 ரூபா. வரவுக் கொடுப்பனவு 140 ரூபா. ஆக 620 ரூபா. ஆனால் வேலை வழங்கப்பட்ட நாள்களில் நூற்றுக்கு எழுபத்தைந்து வீதம் வந்தவருக்கே அந்த 140 ரூபா உரியது. அம்மாதத்தில் வேலை வழங்கிய நாள்கள் 25. அதன் முக்காற் பங்கு பதினெட்டே முக்கால். எனவே 19 நாள் வந்தவருக்கு 620 ஐப் 19 ஆற் பெருக்க 11,780 ரூபா கிடைக்கும். 18 நாள் என்று எழுதப்பட்டவருக்கோ, 480 ஐப் 18 ஆற் பெருக்க 8,640 ரூபாவே கிடைக்கும். வேறுபாடு 3,140 ரூபா. விடுபட்டது ஒரு நாளின் பேர். இழக்கவிருந்தது ஐந்து நாட்சம்பளத்துக்கும் மேல்! எழுதப் படிக்கத் தெரியாத எம் அன்னையாரின் கரிக்கோடே அந்தப் பணத்தைக் காத்தது.

அன்பர்களே, அந்தக் கரிக்கோடு என்ன? அதுவே ஐந்தாம் வாய்பாடு. ஐந்து, பத்து, பதினைந்து என்று ஓர் எண்ணின் மடங்குகளைக் கூட்டிச் செல்வதே வாய்பாட்டின் உயிர். அன்னையாரிடம் பொருள் இருந்தது, பாட்டு இல்லை. எம்மிடம் பாட்டு இருந்தது, பொருள் இல்லை. இரண்டும் ஓரிடத்திற் சேரவேண்டும் என்பதே நாம் இன்று சொல்ல வந்த செய்தி.

இந்தக் கல்வி எமக்குப் புதியதன்று. தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளிலே 'எண்சுவடி' என்னும் வாய்பாட்டு ஏட்டைப் பிள்ளைகள் மனனஞ் செய்தனர். முழு எண்களை மட்டுமன்றிப் பின்னங்களையும் பெருக்கப் பழகினர். 320 இல் ஒரு பங்கு முந்திரி. 80 இல் ஒரு பங்கு காணி. 20 இல் ஒரு பங்கு மா. மாவும் காணியும் சேர்ந்தால் மாகாணி, அதாவது 16 இல் ஒரு பங்கு. அதற்கே வீசம் என்றும் பெயர். காலைக் காலாற் பெருக்கினால் வீசம் என்பது அக்காலச் சிறுவனுக்கு நாவின் நுனியில் இருந்தது. நிலத்தை அளக்கவும், நெல்லை அளக்கவும், கூலியைப் பகிரவும் அது பயன்பட்டது. எமது மொழியும் இதற்கு இசைந்து நிற்கின்றது. இரண்டு 'ஈர்' ஆகவும், மூன்று 'மூ' ஆகவும், ஐந்து 'ஐ' ஆகவும் குறுகி, ஈரேழு, மூவேழு, ஐயேழு என நாவிற்கு எளிதாகின்றன. எண்ணுப்பெயர்கள் இவ்வாறு புணரும் முறைக்குத் தொல்காப்பியம் குற்றியலுகரப் புணரியலில் விதி வகுத்துள்ளது. வாய்பாடு என்ற பெயரிலேயே 'வாய்' இருத்தலையும் நோக்குக.

ஆயினும் ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. கடல் கடந்து இம்மலைகளுக்கு வந்த எம் மூதாதையரிற் பெரும்பாலோர், அந்தத் திண்ணையில் ஏற இடம்பெறாத மக்கள். நிலத்தில் உழைத்தவர் ஒருவர். அதனை அளந்து கணக்கெழுதியவர் வேறொருவர். இங்கு வந்த பின்னரும் அந்நிலை மாறவில்லை. உழைப்பு ஒருவரிடமும் பேரேடு இன்னொருவரிடமும் இருந்தன. 'துண்டு' என்று ஒரு சீட்டு இருந்ததைப் பாட்டன்மார் கூறக் கேட்டிருப்பீர்கள். தொழிலாளியின் கடன் இவ்வளவு என்று எழுதிய சீட்டு அது. அக்கடனைத் தீர்க்க ஒருவர் முன்வந்தாலன்றித் தொழிலாளி வேறு தோட்டத்துக்கு மாற இயலாது. 1921 ஆம் ஆண்டுச் சட்டமே அம்முறையை ஒழித்தது. தன் கடன் எவ்வாறு வளர்ந்தது என்று பெருக்கிப் பார்க்கத் தெரியாதவன், அந்தச் சீட்டின் எண்ணை எவ்வாறு மறுக்க முடியும்?

கல்வி இங்கு மெல்லவே வந்தது. 1907 ஆம் ஆண்டுச் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்குதலைத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாக்கியது. 1945 இல் இலவசக் கல்வி நாட்டுக்கு வந்தபோது, அதன் முழுப்பயன் தோட்டப் பாடசாலைகளை எட்டவில்லை. 1970களின் பிற்பகுதியிலிருந்தே அரசாங்கம் அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. பசறைக்கும் பிபிலைக்கும் இடையே, பதுளை – செங்கலடி வீதியில் அமைந்த எமது லுணுகலையைச் சூழ்ந்த தோட்டங்களிலும் ஒற்றை ஆசிரியரிடம் படித்த மூத்த தலைமுறையினர் இன்றும் உளர். எமக்கு எழுத்தறிவித்தது மிஷன் பாடசாலை. சமயத்தால் வேறுபட்டிருந்தும் எம்மைப் பிள்ளையாக ஏற்றுக் கற்பித்த அந்த நன்றியை இந்த இந்து இளைஞர் மேடையில் நின்று சொல்வதில் எமக்கு மகிழ்ச்சியே.

இனி, இக்காலத்தோர் எழுப்பும் வினாவுக்கு வருவோம். "கையிலே தொலைபேசி இருக்க, வாய்பாடு எதற்கு?" என்கின்றனர். தொலைபேசி பெருக்கித் தரும், மறுக்கவில்லை. ஆனால் எதை எதனாற் பெருக்குவது என்று அது சொல்லாது. சீட்டில் உள்ள தொகையைக் கண்டவுடன் "இது பிழை போலிருக்கிறதே" என்று ஐயுறவும் அதற்குத் தெரியாது. 2024 செப்டெம்பரில் வர்த்தமானி மூலம் தேயிலைத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,350 ரூபா என அறிவிக்கப்பட்டது. அச்சம்பளத்தில் 22 நாள் வேலை செய்தவருக்கு எவ்வளவு? இருபது நாளுக்கு 27,000; இரண்டு நாளுக்கு 2,700; ஆக 29,700 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடம் கழிப்பது நூற்றுக்கு 8. எட்டு மடங்கு 297 என்றால் 2,376 ரூபா. தொழில் வழங்குநர் தம் பங்காகச் சேர்க்க வேண்டியது நூற்றுக்கு 12. அது 3,564 ரூபா. நாட்சம்பளம் எத்தனை முறை உயர்ந்தாலும் இக்கணக்கின் முறை மாறாது. இரண்டாம், எட்டாம், பன்னிரண்டாம் வாய்பாடுகள் அறிந்த பிள்ளை ஒரு வீட்டில் இருந்தால், அந்த வீட்டுச் சம்பளச் சீட்டுக்கு ஒரு கணக்காய்வாளர் இருக்கிறார் என்று பொருள்.

கொழுந்து மடுவத்தையும் எண்ணிப் பாருங்கள். ஒரு நாளைக்கு மூன்று நிறுவை. சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று நிறுவைக்கு இரண்டு கிலோ கழித்தால் நாளைக்கு ஆறு கிலோ. 22 நாளுக்கு 132 கிலோ. இரண்டு என்பது சிறிய எண். மடங்குகளாக வளரும்போது அது சிறியதன்று. கழிவு நியாயமானதா அன்றா என்று வழக்குரைப்பது பின்னர். எவ்வளவு என்று முதலில் தெரிந்திருத்தல் வேண்டும்.

இன்னொரு சாரார், "மனனம் செய்வித்தல் பழைய முறை; விளங்கிக்கொண்டாற் போதும்" என்பர். விளக்கம் இன்றியமையாதது என்பதை எம் கதையே காட்டிற்று. எனினும் விளக்கம் மட்டும் போதாது. மனித மனம் ஒரே நேரத்திற் சில பொருள்களையே தாங்கவல்லது. ஏழெட்டு எத்தனை என்று தேடுவதிலேயே மனம் களைத்துப்போனால், கணக்கின் மற்றப் படிகளை அது மறந்துவிடும். இதனை உணர்ந்தே உலகத்தார் வாய்பாட்டைப் போற்றினர். ஏறத்தாழ 3,800 ஆண்டுகளுக்கு முன் மெசப்பொத்தேமியாவின் நிப்பூர் நகரத்து மாணவர் களிமண் பலகைகளில் வாய்பாடு எழுதிப் பழகினர். சீனத்தின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் உள்ள மூங்கிற் கீற்றுகளிலே, ஏறத்தாழ கி.மு. 305 ஆம் ஆண்டுக்குரிய பெருக்கல் அட்டவணை காணப்படுகின்றது. கணினி மலிந்த இங்கிலாந்திலும் 2022 முதல் நான்காம் ஆண்டு மாணவர் பன்னிரண்டாம் வாய்பாடு வரை சோதிக்கப்படுகின்றனர். வினாக்கள் 25, வினாவுக்கு ஆறு விநாடி. ஆகவே மனனம் வேண்டும். அது பொருளோடு கூடியதாக வேண்டும்.

அதற்கு வழி யாது? பத்தாம் வாய்பாடு வரை நூறு பெருக்கங்கள் உள்ளன என்று பிள்ளைகள் அஞ்சுகின்றனர். அந்த அச்சத்தை முதலில் நீக்குவோம். மூவேழும் ஏழ்மூன்றும் ஒன்றே. ஏழு பேர் கொண்ட மூன்று வரிசையைப் பக்கவாட்டிற் பார்த்தால் மூன்று பேர் கொண்ட ஏழு வரிசை. இதனைக் கண்டுகொண்டால் நூறு ஐம்பத்தைந்தாகக் குறையும். ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து ஆகியவற்றின் மடங்குகளைச் சிறு பிள்ளையும் அறியும். அவற்றை நீக்கினால் எஞ்சுவன 21. ஒன்பதுக்கு ஓர் உபாயம் உண்டு: பத்து மடங்கிலிருந்து ஒரு மடங்கைக் கழிக்க. ஒன்பது ஏழு வேண்டுமாயின் எழுபதிலிருந்து ஏழைக் கழிக்க அறுபத்து மூன்று. விடையின் இலக்கங்களைக் கூட்டினால் ஒன்பது வரும். ஆறும் மூன்றும் ஒன்பது. இதனால் 15 எஞ்சும். நான்கு என்பது இரண்டின் இரட்டை. நாலேழு வேண்டுமாயின் ஏழின் இரட்டை பதினான்கு. அதன் இரட்டை இருபத்தெட்டு. இனி எஞ்சுவன பத்தே பத்து.

அவை யாவை? மும்மூன்று ஒன்பது, மூவாறு பதினெட்டு, மூவேழு இருபத்தொன்று, மூவெட்டு இருபத்து நான்கு, ஆறாறு முப்பத்தாறு, ஆறேழு நாற்பத்திரண்டு, ஆறெட்டு நாற்பத்தெட்டு, ஏழேழு நாற்பத்தொன்பது, ஏழெட்டு ஐம்பத்தாறு, எட்டெட்டு அறுபத்து நான்கு. இரு கை விரல்களுக்கு ஒவ்வொன்று. வாரத்துக்கு இரண்டு படித்தால் ஐந்து வாரத்தில் முடிந்துவிடும். ஏழெட்டை மறப்போருக்கு ஒரு குறிப்பு: ஐந்து, ஆறு, ஏழு, எட்டு என்று வரிசையாகச் சொல்லுக. ஐம்பத்தாறு முன்னே நிற்கும். ஏழும் எட்டும் பின்னே வரும்.

பயிற்சி பற்றியும் சில சொற்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஓதுவதினும், நாள்தோறும் பத்து நிமிடம் கேட்டலே நன்று. வரிசையாகக் கேட்காது மாற்றிக் கேட்கவேண்டும். வரிசையாகக் கேட்டாற் பாட்டு விடை சொல்லிவிடும், பிள்ளை சொல்லாது. தவறிய வினாவை அன்றே நூறு முறை எழுதுவிப்பதை விட்டு, மறுநாளும், மூன்று நாள் கழித்தும், ஒரு வாரங் கழித்தும் கேட்க வேண்டும். விடையைச் சொல்லி வினாவைக் கேட்டலும் சிறந்த பயிற்சி: 24 எவற்றின் மடங்கு? மூவெட்டு என்பான் ஒருவன். நாலாறு என்பாள் ஒருத்தி. ஈராறின் இரட்டை என்பாள் இன்னொருத்தி. அனைவரும் சரியே. ஒரு மலையில் ஆறு நாளுக்கு ஒரு முறையும், மற்றொரு மலையில் எட்டு நாளுக்கு ஒரு முறையும் கொழுந்து எடுத்தால், இன்று இரண்டிலும் எடுத்தவர்கள் மறுபடியும் இரண்டிலும் ஒரே நாளில் எடுப்பது எப்போது? ஆறின் மடங்குகளையும் எட்டின் மடங்குகளையும் எழுதிப் பார்த்தால் முதலில் ஒத்து வருவது இருபத்து நான்காம் நாள். மேல்வகுப்பிலே பொது மடங்குகளுட் சிறியது என்று பிள்ளைகளை அச்சுறுத்தும் பாடம் இதுவே. க.பொ.த. சாதாரண தரத்திற் கணிதத்திற் சித்தியெய்தாத எமது தம்பி தங்கையரிற் பலருக்குக் கால் இடறியது பதினோராம் ஆண்டில் அன்று; மூன்றாம் நான்காம் ஆண்டுகளிலே, இந்தப் பத்துப் பெருக்கங்களில்.

ஆதலின், மன்றத்தாரிடம் மூன்று வேண்டுகோள்கள் விடுக்கின்றோம். முதலாவது, வாரந்தோறும் சனிக்கிழமை மாலை கோயில் மண்டபத்தில் வாய்பாட்டு வகுப்பு ஒன்றை நடத்துவோம். மன்ற உறுப்பினர் ஒவ்வொருவரும் ஐந்து பிள்ளைகளைப் பொறுப்பேற்க வேண்டும். பிரம்பு வேண்டாம், கரும்பலகையும் கொஞ்சம் புளியங்கொட்டையும் போதும். இரண்டாவது, சம்பள நாளன்று அந்தந்த வீட்டுப் பிள்ளை, பெற்றார் அருகில் இருந்து சம்பளச் சீட்டை வாசித்துக் கணக்கிட வேண்டும். அதுவே அம்மாதத்துப் பரீட்சை. பெருக்கிப் பார்த்து, சரியாயின் மகிழ்வோம். வேறுபட்டால், கோபமின்றி, கணக்கோடு கந்தோருக்குச் செல்வோம். கணக்கோடு செல்பவனின் சொல்லுக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. மூன்றாவது, வரும் விஜயதசமியன்று அரிசித் தட்டில் 'அ' எழுதியபின், அதே அரிசியை இரண்டிரண்டாகச் சிறு குவியலாக்கி, "இரண்டு, நான்கு, ஆறு" என்று குழந்தையை எண்ணச் செய்வோம். அன்றே இரு கண்ணும் திறந்தன ஆகும்.

எம் அன்னையார் இன்றும் மலைக்குச் செல்கிறார். அடுப்பங்கரைச் சுவருக்கு இப்பொழுது சுண்ணம் பூசியாயிற்று. ஆனால் கரிக்கோடு நின்றபாடில்லை. நாட்காட்டியின் ஓரத்தில் இடுகிறார். சென்ற விடுமுறையில் நாம் வீட்டுக்குச் சென்றபோது, பேர்களை எண்ணிச் சொன்னவர் அவர். பெருக்கிச் சொன்னவர் நாம். இருவர் கணக்கும் சீட்டோடு ஒத்திருந்தன. "சரியா இருக்கு" என்று சொல்லிச் சீட்டை மடித்து வைத்தார். பன்னிரண்டாம் வாய்பாட்டுக்கு அன்று ஆசிரியர் தந்த பாராட்டினும் அந்த ஒரு சொல் எமக்குப் பெரிதாக இருந்தது.

வீடு செல்லும் வழியில் பக்கத்தில் வரும் பிள்ளையிடம் ஏழெட்டு எத்தனை என்று கேட்டுச் செல்லுங்கள். விடை வராவிடிற் சினவாதீர்கள்; நாளைக்கும் கேளுங்கள்.